சுகிர்தத்தின் வலது கால்

– வெட்ட விடமாட்டன் எண்டா விடமாட்டன், றஹீமா. அந்த மூடியத் திற. என்ன கொண்டு வந்தாய்?

– குரக்கன் பிட்டு. கதைய மாத்தாத சுகிர்தம். வாட்டு வாசல்ல நேர்ஸ் மிஸ்ஸி என்னப் பிடிச்சுக்கிட்டா. "நீங்க அவட பள்ளிக்கூடக் கூட்டாளியாம், எப்படியாச்சும் கையெழுத்து வாங்கித் தாங்க, நாளைக்கு ஒப்பரேசன்" எண்டு கெஞ்சுறா.

– பிட்டுக்குச் சீனி போட்டாயா?

– சீனி வருத்தத்தில கால் அழுகிக் கிடக்கு, கேக்கிற கேள்வியப் பாரு!

– ஒன்ட பெருநாள் வட்டிலப்பந்தான் புள்ள இந்தக் காலத் திண்டது. வருசா வருசம் சட்டியோட அனுப்பினாயே.

– சட்டியக் கழுவின மாதிரி வழிச்சுத் திண்டது ஆரு? சரி, இப்ப எப்படி மச்சி, நோவுதா?

– பாதத்தில ஒண்டும் தெரியல்ல. முழங்கால்ல இருந்து மேலதான் நெருப்பு. அதால முழங்காலுக்கு மேல வெட்ட வேணுமாம். வெட்டாட்டி விஷம் ரெத்தத்தில ஏறி உசிரக் கொண்டு போயிருமாம்.

– அதக் கேட்டுப்போட்டும் கல்லுப்போல கிடக்காய்.

– ஆண்டவருக்கு முன்னுக்கு நான் முழுசா நிக்க வேணும். ஆவி, ஆத்துமா, சரீரம். மூண்டும்.

– டெய்சி மிஸ்ட பாடத்த எனக்கே படிப்பிக்கப் போறாயா? வேதபாடத்தில முதலாம் பரிசு ஆருக்குக் கிடச்சது?

– ஒனக்குத்தான். நான் சாகும் மட்டும் அதச் சொல்லிக் காட்டு.

– முக்காட்டோட நான் மேடையில ஏற, பரிசு தந்தது ஒன்ட அப்பா, போதகர் ஐயா. அவர்ட மகள் நீ ரெண்டாம் பரிசோட நிண்டு மூக்கால அழுதாய். எங்கட வாப்பா அந்த வேதப் புத்தகத்தப் பச்சைத் துணியில சுத்தி அலுமாரிக்கு மேல வச்சார். ஆரையும் தொட விடமாட்டார்.

– ஒன்னோட கதைக்கவே கூடாதெண்டுதான் இருந்தன். நீ புளியங்காயும் உப்பும் கொண்டு வந்து நீட்டினாய். வாயூறிப் போச்சு.

– என்ன காலம் மச்சி அது! மணி அடிச்சாப் போதும், கடக்கரை வரைக்கும் ஓட்டம். ஒரு நாளாவது ஒன்ன முந்தியிருப்பனா?

– இந்தக் காலாலதான் ஓடினன்.

– ஓம், இந்தக் காலாலதான். நினைச்சா எனக்கும் வயிறெரியுது. ஆனாப் பாடத்த ஒழுங்காச் சொல்லு. ஆவிக்கு ரட்சிப்பு எப்ப?

– விசுவாசிச்ச அண்டைக்கே முடிஞ்சது.

– ஆத்துமாவுக்கு?

– நாளாந்தம் நடக்குது. கோவம், பொறாமை, பெருமை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக் கழுவுப்படுது.

– ஒனக்கு இன்னும் ஊத்தை கிடக்கு, அது வேற கதை. சரீரத்துக்கு?

– கடைசி நாளில. எக்காளம் ஊதக்குள்ள.

– அப்ப இன்னும் நடக்காத வேலைக்கு நீ ஏன் ஆசுபத்திரிக் கட்டில்ல காவல் இருக்காய்? அது ஆண்டவர்ட பொறுப்பெண்டு மிஸ் மேசையில தட்டித் தட்டிச் சொன்னாவே.

– ஒனக்கு முதலாம் பரிசு சும்மா குடுக்கல்ல.

– என்ட மனிசன்ட காலுக்கு என்ன நடந்ததெண்டு மறந்துட்டாயா?

– சாலிஹ் காக்காட காலையா? தோணியக் கரைக்கு இழுக்கக்குள்ள கயிறு சுத்திப் போனதே.

– வெட்டின கால வெள்ளைத் துணியில சுத்தி மையவாடியில அடக்கினாங்க. எங்கட வழமை அது. உடம்பில ஒரு துண்டெண்டாலும் மரியாதையா மண்ணுக்குக் குடுக்க வேணும். பிறகும் எத்தினையோ வருசம் கடையில இருந்து யாவாரம் பார்த்தார். "ஒரு கால மையவாடியில வச்சாச்சு, மிச்ச ஆள் வரச் சுணங்கும்" எண்டு வாறவன் போறவனிட்டெல்லாம் சொல்லுவார்.

– சிரிக்கப் பண்ணாத புள்ள, கால் அதிருது.

– மௌத்தான நேரம் அவர அடக்கினது கிழக்கு மூலையில. கால் கிடக்கிறது வாசலடியில. ரெண்டையும் சேர்த்து எழுப்ப அல்லாஹ்வுக்குத் தெரியாதா? ஒன்ட ஆண்டவருக்குத்தான் தெரியாதா?

– தெரியும். எங்கட புதுப் போதகரும் நேற்று வந்து இதத்தான் சொன்னார்.

– அப்ப ஏன் இந்தப் பிடிவாதம்? சுகிர்தம்? அழுறாயா? என்ன மச்சி, சொல்லன்.

– கால் இல்லாம எழும்ப எனக்குப் பயமில்ல. பள்ளிக்கூடத்தில இருந்த நாள் தொட்டு ஒவ்வொரு ராவும் ஒனக்காக முழங்கால்ல நிண்டு செபிக்கிறன். நீ எங்கட வழிக்கு வரவேணுமெண்டு.

– அது எனக்கு எப்பவோ தெரியும்.

– தெரியுமா?

– நானும் நடுச்சாமத்தில எழும்பித் தஹஜ்ஜுத் தொழுதா ஒனக்காகத்தான் கையேந்துறன். நீ எங்கட வழிக்கு வரவேணுமெண்டு.

– அடியே! ஒரு வார்த்தை சொன்னாயா?

– நீ சொன்னாயா?

– ரெண்டு பேர் கேட்டதும் கிடைக்கல்ல, பார்த்தியா.

– கிடைக்கல்லதான்.

– கால் போனா இனி முழங்கால்ல நிக்கேலாது, றஹீமா. செபமும் நிண்டிரும். கடைசி நாளில அப்பா இருப்பார், அம்மா இருப்பா, டெய்சி மிஸ் இருப்பா. சுத்திப் பார்த்தா நீ இருக்கமாட்டாய். அத என்னால நினைக்கேலாது.

– ஏலாதவங்க எங்கட பள்ளியில கதிரையில இருந்து தொழுறாங்க. அல்லாஹ் ஏத்துக்கிறான். நீயும் கதிரையில இருந்து கேளு. நான் தடுக்கவா போறன்? நீ செத்துப்போனா எனக்காகக் கேக்க ஆரு இரிக்கா?

– மெய்தான்.

– ஆசுபத்திரியில கால எரிக்க விடமாட்டன். போதகரிட்டக் கதைச்சு, ஒங்கட சேமக்காலையில ஒன்ட மனிசன்ட கல்லறைக்குப் பக்கத்தில அடக்கம் பண்ண ஏற்பாடு செய்றன். வை கையெழுத்த.

– அவருக்குப் பக்கத்தில வேணாம். அங்க பிறகு நான் போவன்.

– பின்ன கால எங்க வைக்கிற?

– எங்கட சேமக்காலைக்கும் ஒங்கட மையவாடிக்கும் நடுவில ஒரு மதில்தானே. அந்த மதிலோரம் வைக்கச் சொல்லு.

– ஏன் மச்சி, தனிய அங்க?

– கடைசி நாளில எழும்பின உடன கால எடுக்கவெண்டு நொண்டி நொண்டி அங்கதான் வருவன். நீ அந்தப் பக்கம் மதிலடியில நில்லு. பேனையத் தா.