செண்பகவல்லிக்கு நாற்காலி இல்லை

— அந்த ஒரு பேரு மட்டும் வேண்டாம் ஹரிகுமாரு. மத்த எல்லாருக்கும் அட்டை எழுது. செண்பகவல்லிக்கு எழுதாதே.

— ஆன்டி, அப்போ அவங்க எங்க இருப்பாங்க? டின்னருக்கு ஒவ்வொரு சேருக்கும் பேரு எழுதின அட்டை உண்டு, கேட்டோ. பேரில்லாத சேர் ஒண்ணுகூட நான் போடலை. நான் ஏத்து நடத்துற வெள்ளைக்காரச் சாயிப்பு வீட்டுக் கல்யாணம்னா அப்படித்தான்.

— அதுக்குத்தான் சொல்லுகேன். அவ வருவா. பட்டுச்சேலையை இழுத்துக்கிட்டு மேசை மேசையா குனிஞ்சு பேரைத் தேடுவா. கோவளத்து ரிசார்ட்டுப் புல்வெளி முழுக்க நடக்கட்டும். எல்லாரும் இருந்துகிட்டு அவளை வேடிக்கை பாக்கணும்.

— சிவகாமி, நீ பேசுறது நியாயமில்ல. விஷயம் என்னன்னா, அவ எனக்கு ஒரே அக்கா. நம்ம மக ஸ்ரீப்ரியாவுக்கு ஒரே அத்தை. காலையில பழவங்காடி மண்டபத்துல தாலிகட்டுக்கு முன்வரிசையில இருக்கப்போற மனுசி. சாயந்தரம் அவளை நாற்காலி இல்லாம நிக்கவைக்கியா?

— காலையில நம்ம முறை. யாரும் எங்கயும் இருக்கலாம், தடுக்க வழியில்ல. சாயந்தரம் மாப்பிள்ளை வீட்டு முறை. பேரு இருந்தாத்தான் சோறு. ஸ்காட்லாந்துக்காரன் எனக்குன்னே பாத்து ஒரு சம்பிரதாயம் உண்டாக்கி வச்சிருக்கான்.

— மாப்பிள்ளையோட அம்மா என்ன நினைப்பா?

— அவ புருஷன் கட்டம்போட்ட பாவாடை உடுத்திக்கிட்டு வாறதை நான் என்ன நினைப்பேன்னு அவ கேட்டாளா? ஒருத்தர் வீட்டு வழக்கத்துல ஒருத்தர் தலையிடப்பிடாது.

— அங்கிள், அந்த வாக் விஷயத்தை முதல்ல முடிச்சிடலாமா? அங்கிள் ஸ்ரீப்ரியாவைக் கைபிடிச்சு கார்பெட் வழியா கூட்டிட்டு வரணும். அந்த எண்டுல மாப்பிள்ளை நிப்பாரு. நல்ல நீளம் உண்டு. மெள்ள நடக்கணும், கேட்டோ.

— ப்ராக்டிஸ் எல்லாம் ஆயாச்சு தம்பி.

— ஆயாச்சு, ஆயாச்சு. தினமும் மொட்டைமாடியில கோட்டை மாட்டிக்கிட்டு, மக கைக்குப் பதிலா குடையை இடுக்கிக்கிட்டு நடக்காரு. அடுத்த வீட்டு மங்கலம் கேக்கா, சாருக்கு என்ன ஆச்சு, மழை வருமான்னு பாக்காரான்னு.

— கேலி பண்ணு. பெத்தவனுக்கு அது எப்பேர்ப்பட்ட காரியம் தெரியுமா? நம்ம முறையில தாரைவார்த்துக் குடுத்துட்டு ஒதுங்கிக்கிடணும். இதுல சபையே எழும்பி நிக்கும். நடுவுல நான் என் மக கையைப் பிடிச்சுக்கிட்டு நடப்பேன். அதுக்கப்புறம் செத்தாலும் எனக்குச் சம்மதம்.

— எங்கப்பாவும் ஒரு மகளைப் பெத்தவருதான்.

— தொடங்கியாச்சு.

— ஆன்டி, தெரியாமக் கேக்கேன். அந்தச் செண்பகவல்லி ஆன்டி அப்படி என்ன செய்தாங்க?

— சொல்லுகேன், கேட்டுக்கோ. என் கல்யாணம் எங்க ஊரு தோவாளையில. எங்கப்பா பூ வியாபாரி. மணவறை அலங்காரம் முழுக்க அவரு கையாலயே கட்டினது. பொண்ணைப் பெத்தவன் கடைசிப் பந்தியிலதான் உண்ணணும், அது எங்க பக்கத்து முறை. ஆனா மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு ஒருத்தரு, புண்ணியவான், 'சம்பந்தி, நீரும் இரியும்'னு கையைப் பிடிச்சு ஒண்ணாம் பந்தியில இருத்திட்டாரு. பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைஞ்சாச்சு. ஒரு வாய் வைக்கல்ல. அதுக்குள்ள இவ வந்தா.

— செண்பகவல்லி ஆன்டியா?

— அவளேதான். இலைக்கு முன்னால வந்து நின்னுகிட்டு, 'கொஞ்சம் எழும்பும், பெரிய ஆளு வந்திருக்கு'ன்னு சொன்னா. ஊரே பாத்துது. நான் சேலை மாத்துற அறையில ஜன்னல் பக்கம் நின்னேன். எங்கப்பா இலையை மூடினாரு. பிசைஞ்ச கையோட எழும்பினாரு. சிரிச்சுக்கிட்டே போனாரு. அந்தச் சிரிப்பாக்கும் எனக்குத் தாங்கல்ல.

— அய்யோ, பாவம்.

— பின்னே சாகிற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு பருக்கை சோறு உண்ணல்ல. வருவாரு, பிச்சிப்பூ தருவாரு, செம்புல தண்ணி வாங்கிக் குடிப்பாரு, பஸ்ஸைப் பிடிக்கணும்பாரு. வெறும் வயித்தோட போற அப்பாவை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அவளை நான் விடுவனா?

— எப்பவாவது விட்டியா? அவ மக கல்யாணத்துக்கு நீ போகல்ல. அவ புருஷன், அத்தான் செத்தப்பம் துட்டி கேக்கக்கூடப் போகல்ல. அக்கா உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லியிருக்காளா?

— குத்தமுள்ள நெஞ்சு. எந்த வாயை வச்சுக்கிட்டு சொல்லுவா?

— சரி, பழசு இருக்கட்டும். அக்காவுக்கு முட்டு வலி சிவகாமி. அந்தப் புல்லுல அவளால நடக்க முடியாது. ஏதாவது ஓரத்துலயாவது அட்ஜஸ்ட் பண்ணு.

— முட்டு வலியா? அப்பம் ஹரிகுமாரு, மேசைகளை இன்னும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடு.

— நீயெல்லாம் ஒரு மனுசியா? அவ வேணும்னா செய்தா? ஒரு இலை தேவைப்பட்டுது. யாரையாவது எழுப்பித்தான் ஆகணும்.

— பந்தியில அத்தனை பேரு இருந்தாங்களே. உங்க மாமா பிள்ளைகள் இருந்தானுக. வழியோட போன வெத்திலைக்காரன்கூட இருந்தான். எங்கப்பாதான் அவ கண்ணுக்குத் தெரிஞ்சாரா?

— நம்ம ஆளை எழுப்பினா அங்கயே அடிபிடி ஆயிருக்கும். உங்கப்பா சாது, எதுத்து ஒரு வார்த்தை மிண்டமாட்டாரு, அவரை எழுப்புன்னு...

— எழுப்புன்னு?

— அப்படின்னு அவ நினைச்சிருப்பா.

— நினைச்சது இருக்கட்டும். 'எழுப்பு'ன்னு யாரு யாருகிட்ட சொன்னது?

— பேச்சுவாக்குல வந்துட்டு. தம்பி, அந்தக் கேக்கு எத்தனை தட்டுன்னு சொன்னே?

— மூணு தட்டு அங்கிள். வேணும்னா ஒண்ணு கூட...

— கேக்கு அங்க இருக்கட்டும். வந்த பெரிய ஆளு யாரு?

— இப்பம் யாருக்கு ஞாபகம் இருக்கு?

— எனக்கு இருக்கு. உங்க ஆபீஸ் சூப்பிரண்டு. உங்க உத்தியோகத்தை நிரந்தரமாக்கித் தந்த ஆளு.

— அதுக்கு என்ன இப்பம்?

— மயினி செண்பகவல்லியைக் கட்டிக்குடுத்த இடம் பொன்முடி எஸ்டேட்டு. தம்பி கல்யாணத்துக்குன்னு மலையில இருந்து இறங்கி வந்தவ. உங்க சூப்பிரண்டு கறுப்பா சிவப்பான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? பந்தலுக்கு வெளிய நின்னு அவரைக் கைகூப்பிக் கூட்டிட்டு வந்தது யாரு?

— கோட்டைத் தேய்க்கக் குடுக்கணும், நான் போய்ட்டு வாறேன்.

— கேக்கேன்லா.

— நான்தான். அவரு நின்னுக்கிட்டே இருந்தாரு சிவகாமி. இலை காலியில்ல. எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. அக்கா வேண்டாம்னுதான் சொன்னா. பொண்ணைப் பெத்தவரை இலையில இருந்து எழுப்பினா அந்தப் பாவம் எங்க போய்த் தீரும்னு கேட்டா. நான்தான் அவகிட்ட கோவப்பட்டு...

— இத்தனை வருசமா நான் அவளைச் சபிக்கும்போதெல்லாம் பக்கத்துல இருந்து மோரு விட்டுச் சோறு உண்டிய.

— விஷயம் என்னன்னா, அக்காதான் சொல்லவேண்டாம்னா. 'என்னை வெறுத்தா வெறுத்துட்டுப் போகட்டும், நான் மலையில கிடக்கப்பட்டவ. உன்னை வெறுத்தா அவ உன்கூட எப்படிக் குடித்தனம் நடத்துவா? மிண்டாம இரி'ன்னு சொல்லிட்டா.

— அத்தான் செத்தப்பம் நீங்க தனியாத்தானே மலைக்குப் போனிய. நான் வரல்லியான்னு கேட்டாளா?

— கேட்டா. உனக்குக் காய்ச்சல்னு சொன்னேன். அந்த இழவு வீட்டுலயும் உள்ள போய், கஷாயத்துக்குன்னு மிளகு எடுத்துக் கட்டிக் குடுத்துவிட்டா.

— அந்த மிளகை நான் குப்பையில கொட்டினேன்.

— ஆன்டி, நான் கொஞ்ச நேரம் வெளிய நிக்கட்டுமா?

— நீ இரி ஹரிகுமாரு. அட்டையை எடு. செண்பகவல்லின்னு எழுது. ஒண்ணாம் மேசை. எனக்கு வலப்பக்கம்.

— எழுதிட்டேன் ஆன்டி.

— நீ பெரிய மனசுக்காரி சிவகாமி. எனக்கு இப்பம்தான் நெஞ்சுல இருந்து ஒரு பாரம் எறங்கிச்சு.

— எறங்கிச்சா? நல்லது. கோட்டைத் தேய்க்கக் குடுங்கோ. ஹரிகுமாரு, அந்தக் கார்பெட்டு நீளத்துக்கு நடுவுல, ஓரமா ஒரு நாற்காலி போடு.

— நடுவுலயா? அங்க ஆரு இருக்க?

— மயினி. முட்டு வலிக்காரி, எவ்வளவு நேரம் நிப்பா?

— எதுக்கு சிவகாமி அவளைப் போய் அங்க...

— பாட்டெல்லாம் போடட்டும். சபை எழும்பி நிக்கட்டும். நீங்க ஆசைப்பட்ட மாதிரியே மக கையைப் பிடிச்சுக்கிட்டு மெள்ள நடந்து வாங்கோ, பாதி தூரம் வரைக்கும்.

— பாதியிலயா? மீதி?

— மீதி தூரம் ஸ்ரீப்ரியா அத்தையைத் தாங்கிக்கிட்டு நடப்பா. தாத்தா வெறும் வயித்தோட போனதைப் பாத்து வளந்த பொண்ணு அவ, நான் சொன்னாக் கேப்பா.

— ஆன்டி, அப்போ அங்கிள்கிட்ட கையை விடச் சொல்றது யாரு? எனக்கு அது முடியாது, கேட்டோ.

— நீ எதுக்கு? பாதி வழியில நானே வந்து முன்னால நின்னு, 'கொஞ்சம் விலகும், பெரிய ஆளு வந்திருக்கு'ன்னு சொல்லுவேன். இவரு எங்கப்பா சிரிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டே விலகிப் போகணும்.