சுண்ணாம்பு வைத்த தார்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், என் கைபிடித்து எழுத்துச் சொல்லித்தந்த பாக்கியவதி டீச்சர் அவர்களே, வலப்பக்கம் வீற்றிருக்கும் மேலமடைத் தலைவர் அருமைநாயகம் அண்ணாச்சி அவர்களே, கீழமடை வாழை விவசாயிகளே, களையெடுத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

எழுபத்தொரு வயதில் இந்தப் பலவேசம் தானே எழுதிய முதல் பேச்சு இது. எழுத்து ஒன்று மேடேறும், ஒன்று பள்ளத்தில் இறங்கும். தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நானே நாளிதழ் வாசிக்கிறேன். 'வெளியுறவுக் கொள்கை' என்பதை வாசித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. தூரதேசம் ஒன்றோடு வியாபாரம் வேண்டாம் என்கிறதாம் நட்பு நாடு; நாம் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். இது நம்ம கால்வாய்க்கரைச் சங்கதி அல்லவா?

வெள்ளத்தில் கரை உடைந்தபோது மணல்மூட்டையோடு ஓடிவந்தது யார்? மேலமடை. கோயில் கொடை விழாவுக்குப் பந்தல்கால் சுமந்தது யார்? மேலமடை. அந்த நன்றி நெஞ்சில் நேற்றும் நின்றது, நாளையும் நிற்கும்.

ஆனால், போன வருஷம் அண்ணாச்சி என்ன சொன்னார்? "திசையன்விளை வாழை மண்டிக்காரன் வீட்டுக் கல்யாணத்துல என்னைய கடைசிப் பந்தியில உக்கார வச்சுட்டான். அங்கன ஒரு தார் போகக்கூடாது வே." கேட்டோம். என் ஏத்தன் வாழைத்தார் நானூறும் மரத்திலேயே பழுத்தது. அணிலுக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம்.

மனசு கேட்காமல் அந்த வாரமே மண்டிக்காரரிடம் வருத்தம் சொல்லப் போனேன். உள்ளே வரிசையாகத் தார்கள். நம் ஊர்த் தார்க்காம்பில் அடையாளத்துக்குக் காவி வைப்போம். அங்கே இருந்ததெல்லாம் சுண்ணாம்பு. சுண்ணாம்பு வைப்பது எந்த ஊர்?

'மேலமடை' என்று பின்வரிசையில் இருந்தே பதில் வருகிறது. பையப் பேசு, பெருமாள்ராஜ், அண்ணாச்சியே சிரிக்குதாரு. இது தாளில் எழுதாதது.

இந்த வருஷமும் அண்ணாச்சி தடை சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வெட்டாவிட்டால் தார் தாங்காது. அண்ணாச்சி, கரை உடைந்தால் நீங்கள் கூப்பிடுமுன் வருவோம். உங்களை ஒருவன் அடிக்க வந்தால் எங்கள் மார்பு முன்னால் நிற்கும். எங்கள் தார் எங்கே போகும் என்பதை மட்டும் எங்கள் தோட்டம் சொல்லும்.

வெள்ளிக்கிழமை காலை, எல்லோரும் பார்க்க, மாரிசெல்வம் லாரி நம் தெருவில் நிற்கும். பாதி இடம் காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் சுண்ணாம்பும் எங்கள் காவியும் பட்டப்பகலில் சேர்ந்தே ஏறட்டும். நீங்களும் வாங்க. மண்டிக்காரர் முதல் பந்தி கொடுக்காவிட்டால் என்ன, உங்களுக்கு டிரைவர் பக்கத்தில் முன்சீட்டு.

கேட்டிருந்த உங்களுக்கும், என் கோணல் எழுத்தைத் திருத்தாமல் விட்ட டீச்சருக்கும் நன்றி, வணக்கம்.