மைனஸ் நான்கு

எங்கள் கேன்டீனில் சித்ரான்னம் நன்றாக இருக்கும், சார். நான்கு வருடமாகத் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். அது ஒரு குறையில்லை.

வட துருவத்தை ஒட்டி எங்கள் கம்பெனி உறைந்த மண்ணைத் துளையிடுகிறது. அந்த மண்ணை இறுக்கிப் பிடித்திருப்பது உள்ளிருக்கும் பனிதான். துளைக்குள் ஓடும் உப்புநீர் சூடேறினால் பனி உருகும், மண் சேறாகும். பெங்களூர் பொம்மசந்திராவில் உட்கார்ந்து அந்த நீரின் வெப்ப அளவைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. ஏறினால் அங்கே சொல்ல வேண்டும்.

அங்கே போனை எடுப்பவன் நோயல், பிரேசர் டவுன்காரன். அளவைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவன் அரை மணி நேரம் பேசுவான்.

"துரைண்ணா, ஸ்ரீராம்புரத்துல மழையா? சாப்டியாண்ணா?"

என் அறையில் அப்படிக் கேட்க யாருமில்லை.

போன வருடம் லீவில் நாற்பது நாள் பெங்களூரில் இருந்தான். ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மார்ச்சில் ஒரு காலை சொன்னான்: "இன்னும் ஒம்பது நாள்தான்ணா. துளை முடிஞ்சா ஒரேயடியா ஊருக்கு வந்துடுவேன். வீட்டுக்காரி பிரிஜெட் நாள் எண்ணிட்டிருக்கா."

"வந்தா பேசுவல்ல?"

"பாக்கலாம்ணா. வீடு, சர்ச்சுன்னு ஓடிடும்."

இரண்டு நாள் கழித்துக் குளிரூட்டும் இயந்திரம் பழுதானது. அங்கிருந்த மீட்டரும் உறைந்து நின்றிருந்தது; துளைக்குள் இருக்கும் சென்சாரின் அளவு என் திரையில் மட்டும்தான் தெரியும். நோயல் என்னிடம் கேட்டான்.

"எவ்ளோ காட்டுதுண்ணா?"

திரையில் பிளஸ் ஆறு.

"மைனஸ் நாலு. நீ ஓட்டு," என்றேன்.

துளை கொஞ்சம் இடியும், மறுபடி போட இரண்டு மாதம் பிடிக்கும் என்று கணக்கிட்டேன். மூன்று நாள் அதையே சொன்னேன். மூன்று நாளும் நன்றாகப் பேசினோம். அவன் கல்யாணக் கதையை முழுதாகச் சொன்னது அப்போதுதான்.

நான்காம் நாள் துளை மட்டும் இடியவில்லை. துளையிடும் இயந்திரத்தின் ஒரு கால் நின்றிருந்த தரையும் உள்ளே போனது. நோயல் அதனடியில் இருந்தான். சுற்றிலும் சேறு மறுபடி உறைந்துவிட்டதால் அவனை எடுக்க ஆறு நாள் ஆனது.

பொய் அளவு சொன்னது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள், சார். அவன் இன்னும் இரண்டு மாதம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான் ஒருவன்தான்.