குளிர்காலத்தில் கப்பல் ஏறிய பிஷப்

1958 பிப்ரவரி, இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஏழு மணி. புதுச்சேரி ரயில் நிலைய டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். ஒருவர் கல்லூரியில் டியூட்டராக இருந்துகொண்டே ஆதித் திருச்சபை வரலாற்றில் ஆராய்ச்சி செய்கிறவர். மற்றவர் வழியனுப்ப வந்த நண்பர்.

“என் மூணாவது அத்தியாயம் செத்துப்போச்சுடா!” என்றார் டியூட்டர், பிள்ளை பிறந்த செய்தி சொல்கிறவர்போல.

“அதுக்கா இந்தச் சிரிப்பு?”

“ஒரு பிஷப்போட பழைய கடிதம். ஜனவரியில கப்பலேறி அலெக்சாந்திரியாவிலேர்ந்து ரோமுக்குப் போனேன்னு இருக்கு. அத நம்பித்தான் அத்தியாயமே எழுதுனேன். வகுப்புல சொன்னா, கனகசெட்டிக்குளத்து மீனவப் பையன் எழுந்து, ‘அந்த மாசம் அந்தக் கடல்ல கப்பல் எடுப்பாங்களா சார்?’ன்னான். தேடிப் பாத்தேன். அந்தக் காலத்துல குளிர்காலப் புயலுக்குப் பயந்து எடுக்கவே மாட்டாங்களாம்! கடிதமே பின்னால எவனோ கட்டிவுட்டது!”

“புரொபசருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போ கம்முனு தீசிஸ குடுத்துடு. இந்த மாசம் தவறுனா ஒரு வருஷம் போச்சு.”

“போவட்டும். அவர்கிட்ட குடுத்த அத்தியாயத்த வாபஸ் வாங்கத்தான் மெட்ராஸ் போறேன்.”

“பைத்தியமாடா உனக்கு? யாரு கேக்கப்போறா?”

“அந்தப் பையன் கேப்பான்டா. முன்பெஞ்சு. புதன்கிழமை மொத பீரியடே அவன் வகுப்புதான். ‘நீ சொன்னதுதான்டா சரி’ன்னு எல்லார் எதிர்லயும் சொல்லணும். அதுவரைக்கும் எப்படித் தாங்குறதுன்னுதான் தெரியல!”