அணைக்குளத்துத் தண்ணி

கொஞ்சம் அந்த லேப்டாப்பை மூடுங்க... அட, மூடுங்கப்பா, ஒண்ணும் ஓடிப் போயிடாது! நாளையிலருந்து ஒவ்வொரு ஆய்வுக்கூடமா போயி, "புது சாஃப்ட்வேர்ல உங்களுக்கு என்னென்ன வேணும்?"னு கேக்கப் போறீங்க இல்ல? அதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். 

ஊர் ஊரா தண்ணி எடுத்துட்டு வந்து சோதிக்கிற ஒரு நிலையம். பாட்டில் மேல வெறும் நம்பர்தான். எந்த ஊர்த் தண்ணி, யார் எடுத்தாங்க, என்னைக்கு எடுத்தாங்க... அதெல்லாம் மெட்டாடேட்டா சாஃப்ட்வேர்ல. அதை மேம்படுத்தறதுக்கு முகுந்தன்னு ஒரு இன்ஜினியர் வந்தாரு. உங்கள மாதிரியே... கழுத்துல ஐடி கார்டு, முகத்துல சிரிப்பு!

கூட்டம் போட்டாங்க. நடு நாற்காலியில யாரு? டைரக்டர்! முகுந்தன் கேட்டாரு, "சொல்லுங்க, இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" எல்லாரும் யாரைப் பாத்தாங்க? முகுந்தனையா? இல்ல... டைரக்டரைப் பாத்தாங்க. "ஒரு கஷ்டமும் இல்லைங்க சார். நல்லா போகுது."

முகுந்தனுக்கு ஒரே குஷி. திரையில இருந்த பழைய பதிவுகளைப் பாத்துக்கிட்டே கேலியா கேட்டாரு, "அதென்னங்க, எங்க பாத்தாலும் அணைக்குளம், அணைக்குளம்னே இருக்கு? எல்லாரும் அந்த ஊர்லயே பொண்ணு எடுத்துட்டீங்களா?"

யாரும் சிரிக்கல... ஒருத்தர்கூட சிரிக்கல.

கடைசி வரிசையில ஜெசிந்தான்னு ஒரு ஆராய்ச்சி மாணவி. அந்தப் பொண்ணு முகம் வெளுத்துப் போச்சு. அதைப் பாத்ததும் முகுந்தனுக்குப் பயம் வந்துடுச்சு. மெதுவா எழுந்தாரு. "சார்... தப்பா நினைக்காதீங்க. நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருக்க முடியுமா?"

டைரக்டருக்கு மூக்குக்கு மேல கோபம். ஆனா போனாரு. கதவைச் சாத்தினாங்க.

"சார்..." ஜெசிந்தா எழுந்து நின்னுச்சு. "சாஃப்ட்வேர்ல ஊர் பேர் அழுத்தற லிஸ்ட் இருக்கே, அதுல பாதி ஊர் கிடையாது சார். ஊர் பேர் போடலைன்னா சேவ் ஆகாது. அதனால... முதல்ல இருக்கிற பேரை அழுத்திடுவோம். அணைக்குளம்தான் சார் முதல்ல இருக்கு."

"டைரக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"முன்னாடி சொன்ன ஒருத்தரை 'வேலை செய்ய வலிக்குதா'ன்னு கேட்டாரு சார். என் தீசிஸ்ல அவர்தான் கையெழுத்துப் போடணும்..."

அழுதுடுச்சு. அழுதுக்கிட்டே சொல்லுது, "போன வாரம் ஒரு பாட்டில்ல ஆர்சனிக் வந்துச்சு சார்... விஷம். அணைக்குளத்து அடிபம்பைப் பூட்டிட்டாங்க. அந்தப் பாட்டிலைப் பதிஞ்சது நான்தான். அது அணைக்குளம் இல்ல சார்."

"அப்போ எந்த ஊரு?"

"ஞாபகம் இல்ல சார்..."

புரியுதா உங்களுக்கு? நல்ல தண்ணிக்குப் பூட்டு. விஷத் தண்ணி? அது எங்கயோ... அந்த நிமிஷம்... ஒரு தாய் தன் புள்ளைக்கு மொண்டு குடுத்துக்கிட்டு இருக்கா! எந்தத் தாய்? எந்தப் புள்ள? அந்த அறையில ஒருத்தருக்கும் தெரியாது!

ஜீப்பை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. டைரக்டரும் ஓடினாரு. லிஸ்ட்ல இல்லாத ஊருக்கெல்லாம் போயி, "குடிக்காதீங்க, குடிக்காதீங்க"ன்னு கத்தினாங்க. குடத்தோட நின்ன பொம்பளைங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க... "எங்க தண்ணியா சார் அது?" இவங்க சொன்னதும் ஒண்ணேதான்... "தெரியலம்மா..."

கண்டுபிடிச்சாங்களான்னு பாக்கறீங்க. ஊர் ஊரா மறுபடி தண்ணி எடுத்துச் சோதிச்சு கண்டுபிடிச்சாங்க. ஆனா அதுவரைக்கும் குடிச்சது? குடிச்சதுதான்.

அதனால சொல்றேன்... ஒரு அறை முழுக்க "கஷ்டமே இல்ல"ன்னு சொன்னா, குஷியா எழுதிக்கிட்டு வராதீங்க. பயப்படுங்க! யார் உக்காந்திருக்கிறதால வாய் மூடியிருக்குன்னு பாருங்க. பெரியவரை வெளியில இருக்கச் சொல்ல உங்களுக்குக் கை கால் நடுங்கும். எனக்கும்தான் நடுங்கும். நடுங்கிக்கிட்டே சொல்லுங்க... ஏன்னா, அங்க பேசாம உக்காந்திருக்கிறவங்க உங்களைவிட அதிகமா நடுங்கிக்கிட்டு இருக்காங்க.