துருப்பிடிக்காத அடுப்பு

முற்றத்தில் வைக்கிற இறைச்சி அடுப்பு வாங்குவதாக இருந்தால், முதலில் மூடியைத் திறந்து விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள், அரசு வக்கீலம்மா. கணகணவென்று சத்தம் வந்தால் வாங்காதீர்கள். மெல்லிய தகடு, இரண்டு மழைக்காலம் தாங்காது. நல்ல தகடு மொத்தென்று சத்தம் போடும். கடைக்காரர்கள் சக்கரத்தையும் கைப்பிடியையும் கறுப்புப் பெயின்டையும்தான் காட்டுவார்கள். பெயின்ட் என்பது சட்டை மாதிரி. உடம்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

நீங்கள் கேட்டது இதை அல்ல, தெரியும். கடைசி அடுப்பு எங்கே என்று கேட்டீர்கள். மற்றவற்றையெல்லாம் உங்கள் ஆட்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிடங்குக் காவலாளி நொர்பெர்த்தோ எனக்குக் கொடுத்த டிரம்களுக்கும் கிடைத்த அடுப்புகளுக்கும் கணக்கில் ஒன்று இடிக்கிறது. அதில் யாரோ இன்னும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம் என்கிறீர்கள். உண்மைதான், சாப்பிடுகிறார்கள். எங்கே என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் நான் ஏன் இதுவரை சொல்லவில்லை என்பது உங்களுக்கு விளங்கும்.

என் தொழில் வெல்டிங். கதவு, மாட்டுத் தொழுவத்துக் கம்பி வேலி, தண்ணீர்த் தொட்டிக்குத் தாங்கி. எங்கள் ஊர் சான் எவாரிஸ்தோவில் பாதி வீட்டுக் கதவுகள் நான் செய்தவை. பழைய எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் அறுத்து, கீழ்ப்பாதியில் கங்கு, மேல்பாதி மூடி, நடுவில் கம்பித் தட்டு என்று அடுப்பும் செய்வேன். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

ஒரு வருடம் ஊர்த் திருவிழாவில் தீயணைப்புப் படைக்கு நிதி திரட்ட அசாதோ என்கிற சுட்ட இறைச்சி விருந்து வைத்தார்கள். நெருப்பருகே நின்றவன் தெல்மோ. என் மனைவி ஒலிந்தாவின் தம்பி. அவள் இறந்த பிறகும் அவன் எனக்கு மச்சானாகவேதான் இருந்தான். ஊரில் இறைச்சி சுடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. இறைச்சி வெந்து, எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் என் அடுப்பின் அடிப்பாகம் துருவேறிப் பெயர்ந்து விழுந்தது. கங்கும் விலா எலும்பும் சொரிசோத் தொத்திறைச்சியும் மண்ணில் கிடந்தன. வழக்கப்படி, இறைச்சி மேசைக்கு வரும்போது சுட்டவனுக்கு எல்லோரும் கை தட்ட வேண்டும். தெல்மோ கையை உயர்த்தினான்.

"தட்டுங்கப்பா, எனக்கில்ல, என் மச்சானுக்கு. அடுப்பு செய்யச் சொன்னா எவ்வளவு அருமையா சல்லடை செஞ்சு கொடுத்திருக்கார் பாருங்க."

தட்டினார்கள். பாதிரியாரும் தட்டினார்.

அன்றிலிருந்து என் பெயர் சல்லடை. ரொட்டிக் கடையில், "சல்லடைக்கு என்ன வேணும்?" கால்பந்து மைதானத்தில் எதிரணி கோல் போட்டால், "நம்ம கோல்கீப்பர சல்லடைதான் வெல்டிங் பண்ணியிருக்கார் போல." வேலி செய்யச் சொல்ல வந்தவனிடம் பக்கத்தில் நின்றவன் சொன்னது என் காதில் விழுந்தது. "அவர்கிட்டயா? மாடு நடந்தே வெளிய வந்துடும்டா."

எனக்குக் கோபம் வரவில்லை. தெல்மோ மீது பகை என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். துருப்பிடிக்காத அடுப்பு ஒன்று செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

ஊர் எல்லையில் பயிர் மருந்துக் கிடங்கு இருக்கிறதல்லவா, அதன் காவலாளி நொர்பெர்த்தோ. கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கப் போனபோது பின்புறம் சில இரும்பு டிரம்கள் மழையில் கிடந்தன. மூடி கழன்ற ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக ஒரு பூச்சு. எத்தனை காலம் கிடந்ததோ, ஒரு பொட்டுத் துரு இல்லை.

"இதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கொசுவுக்கு ஊத்துறது."

நீளக் கைகளை விரித்துக்கொண்டு சோயா வயலில் மருந்து தெளிக்கும் வண்டியை இங்கே கொசு என்றுதான் சொல்வோம்.

"நான் எடுத்துக்கவா?"

"சட்டப்படி ஓட்டை போட்டு, நசுக்கி அனுப்பணும். நீ தூக்கிட்டுப் போனா எனக்கு ஒரு வேலை மிச்சம். ஆனா தண்ணி கிண்ணி புடிச்சு வச்சிடாதே, எல்விதியோ."

"தண்ணி புடிக்க மாட்டேன்."

சொன்ன சொல்லை நான் மீறவில்லை. அதில் ஒரு நாளும் தண்ணீர் பிடித்ததில்லை.

வெளியே சிவப்புப் பட்டையும் மண்டையோட்டுப் படமும் இருந்தன. கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்தேன். புது அடுப்பைக் கொழுப்பு தடவி, இறைச்சி போடாமல் ஒரு முறை சுட்டுப் பழக்க வேண்டும். அதற்காக முதல் அடுப்பை இடுகாட்டுக்குப் பின்னால் வெட்டவெளிக்கு வண்டியில் கொண்டுபோனேன். புகை மஞ்சளாக வந்தது. என் நாய் எந்த நெருப்பைப் பார்த்தாலும் எதிரே போய்ப் படுத்துக்கொள்ளும், ஒரு துண்டு விழாதா என்று. அன்றும் புகை போகும் பக்கத்தில் படுத்திருந்தது. மறுநாள் வாயில் எச்சில் ஒழுகியது, பின்கால்கள் நிற்கவில்லை. அப்புறம் செத்துப்போனது. வயதான நாய்தான். இருந்தாலும் அதற்குப் பிறகு எந்த அடுப்பைச் சுடும்போதும் நான் காற்று வரும் பக்கத்திலேயே நின்றேன்.

ஒவ்வொரு அடுப்பையும் பல முறை சுட்டேன். அலட்சியமாக இருந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பூச்சு முழுவதையும் எரித்துவிடலாம், அது பெரிய வேலை இல்லை. ஆனால் எரித்துவிட்டால் அது சாதாரண டிரம் ஆகிவிடும், துருப்பிடிக்கும். அதனால் அடிப்பாகத்தில் பூச்சு கொஞ்சம் நிற்கும்படி பார்த்து நெருப்பை அணைப்பேன். அதற்குத்தான் அனுபவம் வேண்டும்.

முதல் அடுப்பைத் தெல்மோவுக்குக் கொடுத்தேன். இந்த டிரம் எங்கே கிடைத்தது என்று கேட்டான். ஆரஞ்சுச் சாறு நிறுவனத்தினுடையது என்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிறைய ஆரஞ்சு ஆலைகள் இருப்பதால் யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. மழைக்காலம் போனது, அடுத்த மழைக்காலமும் போனது. தெல்மோ வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அடிப்பாகத்தைத் தட்டிக் காட்டினான். பிறகு கால்பந்துச் சங்கம் கேட்டது. தீயணைப்புப் படை கேட்டது. பாதிரியார் கேட்டார். யாரும் என்னைச் சல்லடை என்று கூப்பிடவில்லை. "பெர்த்தோலானோ அடுப்பு" என்று என் குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார்கள்.

நான் அவற்றில் சுட்டதைச் சாப்பிட்டேனா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. ஊரில் வயிற்றுப்புண் என்று சொல்லியிருந்தேன். இந்த ஊரில் ஓர் ஆண் இறைச்சி வேண்டாம் என்றால் சும்மா விடமாட்டார்கள்.

"என்ன எல்விதியோ, பசு உனக்கு அத்தை முறையா?"

"வயித்துப்புண்ணு."

"சரி, இலைதழையெல்லாம் உனக்கு, விலா எங்களுக்கு. இப்படி ஒரு விருந்தாளி கிடைக்கணுமே."

பெண்கள் எனக்காகத் தனியாகப் பூசணிக்காய் அவித்து வைப்பார்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது நாலு செங்கல் மேல் பழைய கம்பித் தட்டை வைத்துச் சுட்டுச் சாப்பிடுவேன். எனக்கு வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லை.

நெருப்பைப் பார்த்துக்கொள்கிறவனுக்குத்தான் முதல் துண்டு. நின்றபடியே, மூடியைத் தூக்கித் தூக்கி, நுனியில் கொஞ்சம் வெட்டி வாயில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் நெருப்பில் இன்னொருவன் கை வைப்பது பெரிய அவமரியாதை. ஒத்தாசைக்குக்கூடப் போகமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் புகை முழுவதும் ஒருவருக்கே போனது. முதலில் படுத்தவர்களும் அவர்கள்தான். கை நடுக்கம், மரத்துப்போன கால், ரத்தத்தில் ஏதோ குறைகிறது என்றார்கள். ஊரைச் சுற்றிலும் சோயா. வயலில் தெளிப்பதால்தான் இப்படி என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நானும் வயல்களைப் பார்த்துத் தலையாட்டினேன். அது பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. வயலில் தெளிக்கத்தான் செய்கிறார்கள்.

தெல்மோவை ரொசாரியோ நகரத்தில் பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். மாத்தே தேநீர்க் குவளையைக்கூட அவனால் பிடிக்க முடியவில்லை, நான்தான் உறிஞ்சுகுழலை அவன் வாயருகே பிடித்தேன். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றான்.

"நீ எதத் தொட்ட, எதத் தின்ன, எங்க தூங்குனன்னு ஒரே கேள்வி, மச்சான். போலீஸ்கூட இப்படிக் கேக்க மாட்டான். எதுன்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த மருந்து கொடுக்கலாமாம்."

"நல்லாப் படிச்ச பொண்ணு போல."

"ஆமா. அடுப்பு என்ன டிரம்முன்னு கேட்டா. ஆரஞ்சுச் சாறுன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"சரிதான்."

"நிச்சயமா?"

"உன்கிட்டப் போய் நான் பொய் சொல்லுவேனா?"

அவன் சிரித்தான். "சொல்ல மாட்டே. சல்லடைன்னு பேரு வச்சப்பகூட நீ என்னைத் திட்டல. நான்தான் பாவி." குழலை உதட்டால் தள்ளிவிட்டு, "வீட்டுக்கு வந்ததும் உனக்கு ஒரு கோழியாவது சுட்டுத் தரேன், மச்சான். கோழி வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது" என்றான்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று அந்த டாக்டரம்மா உங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறாள். இருக்கலாம். அவன் அடக்கத்தின்போது பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள், சுட்டவனுக்குத் தட்டுவது போலவே. எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு அவன் மனைவி அந்த அடுப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் டாக்டரம்மா முன்னால் இறக்கியிருக்கிறாள். அப்படித்தானே நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

கடைசி அடுப்பு என் மகள் யானினாவுடையது.

அவள் கல்யாணத்துக்கு அடுப்பு வேண்டும் என்று கேட்டாள். ஊரில் எல்லோருக்கும் செய்து கொடுத்தவன் சொந்த மகளுக்குச் செய்யாமல் இருக்க முடியுமா? அவளுக்கு மட்டும் கனத்த தகட்டில் புதிதாகச் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தகடு வாங்கக் கயேத்தானோவின் இரும்புக் கடைக்குப் போனேன். தகட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்கு?" என்றான்.

"யானினாவுக்கு."

"அட, எங்களுக்கெல்லாம் டிரம்மு, பொண்ணுக்கு மட்டும் தகடா? டிரம்முல அப்படி என்னய்யா கொறச்சல்?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் தகட்டைத் திரும்ப அடுக்கிவிட்டு வந்தேன். வீட்டில் ஒரு டிரம் மிச்சம் இருந்தது.

நான் செய்ததிலேயே நல்ல அடுப்பு அதுதான். கீல் சத்தமே போடாது. அவள் இப்போது வில்லா ஓம்பு என்கிற ஊரில் இருக்கிறாள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பச்சை வாசல் வீடு. நீங்கள் அடுப்புகளைத் தேடி வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் அவளும் அவள் கணவன் லீசாந்த்ரோவும் அதைப் பின்கட்டுக்குத் தள்ளி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார்கள். போன வாரம் காவலில் இருக்கும் என்னைப் பார்க்க வந்தபோது அவளே சொன்னாள்.

"எங்கப்பா அப்படிச் செய்ற ஆளில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்பா. நம்ம அடுப்புலதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சுடுறோம். லீசாந்த்ரோ வேணாம்னாரு. நான்தான் விடல. நானே நின்னு சுடுறேன். நானே தின்னலேன்னா ஊரு என்ன பேசும்?"

அவளுக்கு ஆறாவது மாதம். ரத்தத்துக்கு நல்லது என்று ஈரலும் சிறுநீரகமும் நிறையச் சாப்பிடுவதாகச் சொன்னாள். விரல் நுனி மட்டும் மரத்துப்போகிறதாம், மாசமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று மாமியார் சொன்னாராம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். காவலரும் சற்றுத் தள்ளித்தான் நின்றார். என்ன சொல்வது என்று யோசித்தேன். இந்த உலகத்தில் என் அடுப்பை நம்புகிறவள் அவள் ஒருத்திதான் மிச்சம். "சாம்பலை அன்னன்னைக்கே அள்ளிடும்மா" என்றேன். "சரிப்பா" என்றாள்.

நான்தான் செய்தேன், வக்கீலம்மா. டிரம்மில் என்ன இருந்தது என்று முதல் நாளிலிருந்தே தெரியும். தெல்மோ கேட்டபோதும் தெரியும், யானினா என் முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இன்று சனிக்கிழமை. அவள் நாளை மதியம்தான் பற்றவைப்பாள். உங்கள் ஆட்கள் காலையில் போனால் போதும். தூக்கும்போது கீலைப் பிடித்துத் தூக்க வேண்டாம், அடியில் கை கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். ஏன் எடுத்துப் போகிறீர்கள் என்று வாசலில் நின்று கேட்பாள். அக்கம்பக்கத்தார் வேறு வந்து நிற்பார்கள். அவளிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். துருப்பிடித்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.