மூடி இல்லாத ரேடியேட்டர்

ஆல்பர்ட்: அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. லாரிய ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடறேன்.

புவனேஸ்வரி: வேணாம் தம்பி! சாவியத் திருப்பாத... ஒரு நிமிசம்...

ஆல்பர்ட்: எதுக்குக்கா இப்பிடி பதறுறீங்க? இஞ்சின் சில்லுனு கெடக்கு, தொட்டுப் பாருங்க.

புவனேஸ்வரி: அன்னிக்கு மீன்சுருட்டி ரோட்டுலயும் இந்த டிப்பரு சும்மாதான் நின்னுச்சாம். ஹீட் ஆயிடுச்சேன்னு எங்க வூட்டுக்காரரு ரேடியேட்டரு மூடியத் தொறந்தாரு... கொதிக்கிற தண்ணி கழுத்துலேர்ந்து வயிறு வரைக்கும்... இருவத்திரெண்டு நாளு வாழ எலையிலதான் படுக்க வெச்சிருந்தோம்.

ஆல்பர்ட்: எனக்குத் தெரியாதாக்கா? நானுந்தான ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அதுக்குத்தான இப்ப எல்லாத்தையும் மாத்திட்டேன். இந்த ரேடியேட்டரு பழசவிட ரெண்டு பங்கு தடிமன். ஃபேனும் பெருசு. பக்கத்துல பாருங்க, பாட்டில் ஒண்ணு மாட்டிருக்கேன். தண்ணி எவ்ளோ கெடக்குன்னு இதுலயே தெரிஞ்சுடும். மூடியத் தொடவே வேணாம்.

புவனேஸ்வரி: தொடவே வேணாம்னா மூடி எதுக்கு?

ஆல்பர்ட்: நல்லா கேட்டீங்க போங்க! குக்கருக்கு வெயிட்டு எதுக்கு? அது மாதிரி இறுக்கிப் புடிச்சாத்தான் தண்ணி சீக்கிரம் கொதிக்காது.

புவனேஸ்வரி: பழசு மட்டும் ஏன் அப்பிடிக் கொதிச்சுச்சாம்?

ஆல்பர்ட்: அது... விடுங்கக்கா.

புவனேஸ்வரி: பரவால்ல, சொல்லு.

ஆல்பர்ட்: கழட்டிப் பாத்தா உள்ள பூரா வெள்ளையா அடைச்சுக் கெடந்துச்சு. நம்மூரு போர் தண்ணிதான? மண்ணும் சுண்ணாம்பு, தண்ணியும் சுண்ணாம்பு. ஊத்தி ஊத்தி...

புவனேஸ்வரி: நாந்தான தெனம் ரெண்டு கேன் புடிச்சுக் குடுப்பேன்...

ஆல்பர்ட்: அக்கா...

புவனேஸ்வரி: பதினோரு வருசமா... என் கையால...

ஆல்பர்ட்: அட மாதாவே! சுண்ணாம்புக்கல்லு ஏத்துற எந்த வண்டிக்குக்கா அந்தத் தண்ணி ஊத்தல? அழுவாதீங்க. இனிமே ரேடியேட்டருக்குன்னே கடையில விக்கிற பச்ச கூலண்டு மட்டுந்தான். போர் தண்ணி ஒரு சொட்டு கூடக் கூடாது.

புவனேஸ்வரி: அவரு எங்க?

ஆல்பர்ட்: டீ குடிக்கப் போயிருக்காரு.

புவனேஸ்வரி: தம்பி... ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. இன்னும் ஏதோ ரிப்பேரு இருக்குன்னு அவர்கிட்ட சொல்லிடேன். ஒரு வாரம்... பத்து நாளு...

ஆல்பர்ட்: என்னக்கா வெளையாடுறீங்களா? நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டி சுரங்கத்துல நிக்கலன்னா, நம்ம எடத்த வேற வண்டிக்குக் குடுத்துடுவாங்க. அப்பறம் அந்த கேட்டுக்குள்ள நொழையவே முடியாது. அண்ணன் நூறு தடவ சொல்லிட்டாரு.

புவனேஸ்வரி: போனா போவுது. ஆளு மிஞ்சுனாப் போதும் எனக்கு.

ஆல்பர்ட்: அப்ப நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க.

புவனேஸ்வரி: எப்பிடி சொல்றது? புண்ணு ஆறலன்னாலும் அந்த மனுசனுக்கு பயமே இல்ல. எப்ப வண்டி எடுப்போம், எப்ப வண்டி எடுப்போம்னு நிக்கிறாரு. நான் பயந்து சாவறேன்னு தெரிஞ்சா சிரிப்பாரு... இரு, வந்துட்டாரு. வாயத் தொறந்துடாத.

செல்லதுரை: என்னடா ஆல்பர்ட்டு, இன்னுமா ஆவல? மாமியா வூட்டு விருந்துக்குப் போன மாதிரி ஆற அமர வேல பாக்குற!

ஆல்பர்ட்: முடிஞ்சுதுண்ணே. மூடிதான் இல்ல.

செல்லதுரை: மூடி இல்லியா?

ஆல்பர்ட்: திங்கக்கெழம ஒண்ணு வாங்கியாந்து டூல்ஸ் பெட்டி மேல வெச்சேன், காணோம். புதன்கெழம பெரம்பலூரு போயி இன்னொண்ணு வாங்கியாந்தேன். அதயும் காணோம்.

செல்லதுரை: எவன்டா பட்டறைக்குள்ள பூந்து மூடியத் திருடுறான்? காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லு!

ஆல்பர்ட்: அவ்ளோ வெயிட்ட காக்கா தூக்காதுண்ணே.

செல்லதுரை: நீ ஏன் புவனா இப்பிடி வேர்த்துப் போயி நிக்கிற?

புவனேஸ்வரி: வெயிலு...

செல்லதுரை: கொட்டாய்க்குள்ள ஏது வெயிலு?

ஆல்பர்ட்: சரி விடுங்கண்ணே. இப்பவே பைக்க எடுத்துட்டுப் போயி மூணாவது வாங்கியாந்துடறேன். மதியத்துக்குள்ள வண்டி ரெடி.

செல்லதுரை: இன்னிக்கேவா?

ஆல்பர்ட்: நீங்கதானண்ணே நாளைக்கு ஆறு மணின்னு...

செல்லதுரை: ஆமாமா... இன்னிக்கேதான். நான் என்ன வேணாம்னா சொன்னேன்? போ... போடா...

புவனேஸ்வரி: போவாத தம்பி! மூடி எங்கிட்டதான் இருக்கு.

செல்லதுரை: என்னது?

புவனேஸ்வரி: நாந்தாங்க எடுத்தேன். அரிசி டிரம்முக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். திட்டறதுன்னா திட்டுங்க. நீங்க அந்த வண்டியில ஏறுறத நெனச்சாலே பயமா இருக்குங்க... ரொம்ப பயமா இருக்கு.

செல்லதுரை: அரிசி டிரம்முலயா...

புவனேஸ்வரி: ஆமா. சிரிங்க.

செல்லதுரை: நீ... எந்த மூடிய எடுத்த?

புவனேஸ்வரி: திங்கக்கெழம வாங்குனத.

ஆல்பர்ட்: அப்ப புதன்கெழம வாங்குனது?

புவனேஸ்வரி: மாரியாத்தா சத்தியமா நான் ஒண்ணுதான் எடுத்தேன் தம்பி.

ஆல்பர்ட்: நம்ம மூணு பேர விட்டா இங்க வேற யாரு வர்றா? ... அண்ணே? ஏண்ணே தரையப் பாக்குறீங்க?

புவனேஸ்வரி: என்னங்க...?

செல்லதுரை: நீ வெச்ச ஒல கொதிச்சு, மூடுன தட்டு தடதடன்னு ஆடுனா, நான் எந்திரிச்சு வெளிய போறேனே... பீடி குடிக்கவா போறேன்னு நெனச்ச? அந்தச் சத்தத்த என்னால கேக்க முடியல புவனா. இந்தா... புதன்கெழமலேர்ந்து என் மடியிலதான் கெடக்கு. ஆல்பர்ட்டு, வாங்கி மாட்டுடா. நாளைக்கு நீயும் ஏறி பக்கத்துல உக்காந்துக்க புவனா... நீ இல்லாம என்னால அந்தச் சாவியத் திருப்ப முடியாது.